மட்டம் முதலில், பளபளப்பு அப்புறம்

பெல்ட் கிரைண்டர் இல்லாமல் கத்தி செய்ய முடியுமா என்று கேட்பவர்களுக்கு என் பதில் ஒன்றுதான்: தாராளமாக முடியும். நல்ல பட்டை அரம் ஒன்று, ஒரு வைஸ், ஒரு தடித்த கண்ணாடித் துண்டு, கொஞ்சம் உப்புத்தாள், இவ்வளவு போதும். உச்சிப்புளி, மண்டபம், தங்கச்சிமடம் என்று எங்கள் பக்கம் எந்த வெல்டிங் பட்டறைக்குள் போனாலும் இதில் பாதி ஏற்கெனவே கிடக்கும். மிஷின் இல்லாததால் கத்தி கெட்டதை நான் பார்த்ததில்லை, மட்டம் பார்க்காமலே பாலீஷில் இறங்கிவிடுவதால் கெட்ட கத்திகளை நிறையப் பார்க்கிறேன். அப்படிப்பட்ட கத்தியை வெயிலில் பிடித்தால் கண் கூசும், ஆனால் அதில் தெரிகிற ஜன்னல் கம்பி நேராக இருக்காது, நெளியும். அந்த நெளிவு கத்தியின் முகத்தோடு நின்றுவிடாது. சாணை பிடிக்கும்போது விளிம்புக்கு வந்துவிடும், ஓர் இடத்தில் கல் படும், அரை அங்குலம் தள்ளிப் படாது, வருஷம் முழுக்கத் தீட்டினாலும் அந்த இடம் மொட்டையாகவே இருக்கும்.

இந்தக் கடற்கரையில் கத்தியை நம்பிப் பிழைக்கிறவர்கள் அதிகம். துறைமுகத்தில் மீன் அறுத்துக் கொடுக்கிற அக்காமார் இருக்கிறார்கள், கருவாட்டுக்கு மீனைக் கீறிப் பிளக்கிறவர்கள் இருக்கிறார்கள், சாயல்குடிப் பக்கம் பனையேறிகள் இருக்கிறார்கள். பாளை சீவுகிற அரிவாளைத்தான் நான் எல்லாவற்றையும்விடக் கவனமாகப் பார்ப்பேன். பனையேறி காலையும் மாலையும் பாளையின் நுனியில் தாள் கனத்துக்கு ஒரு சீவல் எடுக்கிறார், அந்த வெட்டு நசுங்காமல் சுத்தமாக விழுந்தால்தான் பதநீர் ஒழுங்காகச் சொட்டும். முகம் நெளிந்த அரிவாள் பாளையில் துள்ளும். உயரத்தில், ஒரு கை மட்டையைப் பிடித்திருக்கும்போது, துள்ளுகிற அரிவாளை யாருக்கும் கொடுக்கக் கூடாது.

சரி, இரும்பு. எங்களுக்குக் கிடைப்பது லாரி ஸ்பிரிங் பட்டைதான். இ.என்.45 என்கிற ஸ்பிரிங் எஃகு வகைப் பட்டையில் கார்பன் சுமார் 0.5 முதல் 0.6 சதவீதம், சிலிக்கான் 1.5 முதல் 2 சதவீதம் வரை இருக்கும். வெட்டரிவாளுக்கும் மீன் கத்திக்கும் இது நன்றாகவே உழைக்கும். பழைய பட்டையில் கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு இருக்கலாம், அதனால் நடுவில் போல்ட் துளை இருக்கிற பகுதியை நான் எடுப்பதில்லை. கரிக்கு இங்கே பஞ்சமே கிடையாது, ராமநாதபுரம் முழுக்கச் சீமைக்கருவேலங் கரிமூட்டந்தான்.

மட்டம் என்கிற வேலை சுத்தியலிலேயே ஆரம்பிக்கிறது. சூட்டில் இருக்கும்போது நாலு தட்டில் சரியாகிற ஒரு பள்ளத்தை, ஆறின பிறகு அரத்தால் எடுக்கப் போனால் அரை நாள் போகும், ஏனென்றால் பள்ளத்தை நிரப்ப வழியில்லை, அதைச் சுற்றியிருக்கிற மேடு மொத்தத்தையும் பள்ளத்தின் அடிவரை இறக்கியாக வேண்டும், இறக்கினால் கத்தியின் கனமும் போகும். அதனால் கடைசி இரண்டு மூன்று சூட்டை உருவம் கொண்டுவரச் செலவழிக்காமல் மட்டத்துக்கென்றே ஒதுக்கிவிடுவது நல்லது. நிழலில் மங்கின சிவப்பாகத் தெரிகிற சூடு போதும். சுத்தியலின் முகம் லேசாகக் குவிந்து, ஓரங்கள் மழுங்கி இருக்க வேண்டும், ஓரம் கூரான சுத்தியல் பிறை பிறையாக வடு போடும், அந்த வடு எல்லாம் பிறகு அரத்துக்குத்தான் வேலை. ஓங்கி அடிக்க வேண்டாம். சுத்தியலின் கனமே விழுந்து தட்டுகிற மாதிரி, ஓர் அடியின் மேல் பாதி அடுத்த அடி விழுகிற மாதிரி, இரண்டு பக்கமும் சமமாகத் தட்டிக்கொண்டே போகலாம். ஒரே பக்கம் தட்டினால் அந்தப் பக்கம் நீண்டு கத்தி வில்லாக வளையும்.

பட்டறைக்கல்லைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். இங்கே பல இடத்தில் ரயில் தண்டவாளத் துண்டைத்தான் பட்டறைக்கல்லாக வைத்திருக்கிறார்கள், நல்ல எஃகு, குறை சொல்ல முடியாது. ஆனால் தண்டவாளத்தின் தலை தட்டையானது இல்லை, சக்கரத்துக்காக லேசாகக் குவிந்திருக்கும். அதன் மேல் வைத்து அடித்தால் கத்தியின் அடிப்பக்கம் நீளத்துக்கும் மெல்லிய பள்ளமாகத்தான் வரும், எவ்வளவு கவனமாக அடித்தாலும். தலையைத் தேய்த்து ஒரு கை அகலத்துக்காவது தட்டையாக்கிக்கொள்ளுங்கள். முடியாவிட்டால் பழைய இரும்புக் கடையில் ஓர் அங்குலத் தடிப்புக்குக் குறையாத பிளேட் ஒன்றைத் தேடி, கெட்டியான கட்டையில் பதித்து, மட்டம் தட்டுவதற்கு மட்டும் அதை வைத்துக்கொள்ளுங்கள்.

சூட்டில் இரும்பின் மேல் கறுப்பாகப் பொருக்குத் தட்டும், அதை அடித்து உள்ளே பதித்துவிட்டால் ஆறின பிறகு அம்மைத் தழும்பு மாதிரி குழிகள் தெரியும். ஒவ்வொரு சூட்டுக்கும் கம்பி பிரஷ்ஷால் ஒரு இழுப்பு இழுத்துவிட்டுத்தான் அடிக்க வேண்டும். இன்னொரு வழி, கல்லின் மேலும் சுத்தியலிலும் கொஞ்சம் தண்ணீர் தெளித்துவிட்டு நல்ல சூட்டில் அடிப்பது. இடையில் மாட்டின தண்ணீர் சட்டென்று ஆவியாகி, பட்டாசுச் சத்தத்தோடு பொருக்கைத் தூக்கி எறியும், அடியில் இரும்பு சாம்பல் நிறத்தில் சுத்தமாகத் தெரியும். பறக்கிற பொருக்கு கண்ணில் பட்டால் கதை முடிந்தது, கண்ணாடி போடாமல் இதைச் செய்யவே செய்யாதீர்கள்.

அடித்து முடித்ததும் வளைவையும் முறுக்கையும் பார்க்க வேண்டும். வளைவு, ஸ்டீல் ஸ்கேலை முகத்தின் மேல் செங்குத்தாக நிறுத்தி வானத்துக்கு நேராகப் பிடித்தால் தெரிந்துவிடும், இடைவெளி இருக்கிற இடத்தில் வெளிச்சம் கசியும். முறுக்கு அப்படித் தெரியாது. கத்தியின் இரண்டு கோடியிலும் குறுக்காக ஒவ்வொரு ஸ்கேல் வைத்து, ஒற்றைக்கண்ணால் ஒன்றின் மேல்விளிம்பு வழியாக மற்றதைப் பாருங்கள், விளிம்புகள் இணையாக இல்லாவிட்டால் முறுக்கு இருக்கிறது. வத்தை (நாட்டுப்படகு) கட்டுகிற ஆசாரிகள் பலகையைப் பார்ப்பதும் இப்படித்தான், அவர்கள் பக்கத்தில் நின்று பார்த்தால் நிறையக் கற்கலாம். முறுக்கை அரத்தால் எடுக்க நினைக்காதீர்கள். திரும்பவும் சூடேற்றி, வைஸில் ஒரு கோடியைப் பிடித்து, குறட்டால் திருகிச் சரி செய்யுங்கள்.

அப்புறம் இரும்பை இளக்க வேண்டும், இதை விட்டால் அரம் வீண். கத்தியைச் சீராகச் சிவக்க வைத்து, காந்தம் ஒட்டாத நிலை வந்த பிறகும் (இரும்பு அந்தக் குணத்தை இழப்பது 770 டிகிரி சென்டிகிரேட் அளவில்) இன்னும் கொஞ்சம் ஏற்றி, சலித்த சாம்பலுக்குள் முழுசாகப் புதைத்து இரவு முழுக்க விட்டுவிடுங்கள். எங்கள் ஊரில் வெளியே வைத்து ஆறவிடவே முடியாது, கடல் காற்று அடித்தால் மெல்லிய விளிம்பு வேகமாக ஆறி அங்கங்கே இறுகிவிடும், அரம் ஓர் இடத்தில் கடிக்கும், ஓர் இடத்தில் வழுக்கும். சாம்பலும் இங்கே ஈரம் குடித்துத்தான் இருக்கும். முதலில் ஒரு கனத்த இரும்புக் கட்டியைப் பழுக்கக் காய்ச்சி அதில் புதைத்து, சாம்பலைக் காயவைத்து, அதன் பக்கத்திலேயே கத்தியைப் புதைப்பது என் வழக்கம்.

இப்போது பொருக்கு. கறுப்புத் தோலை அப்படியே விட்டால் அழகாக இருக்கிறது, துருப்பிடிக்காது என்று பலர் வீடியோவில் சொல்கிறார்கள். உள்நாட்டில் எப்படியோ, இந்தக் கரையில் அது சரிப்படாது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பொருக்கு எங்கேயாவது கீறிக்கொண்டால், உப்பு ஈரத்தில் பொருக்கும் அடியில் இருக்கிற இரும்பும் மின்கலம் போல வேலை செய்யும், கீறல் இருக்கிற அந்தச் சின்ன இடத்து இரும்பு மட்டும் வேகமாக அரித்துக் குழியாகும். கப்பல் பிளேட்டுக்கு பெயின்ட் அடிக்கும் முன் பொருக்கை முழுக்க உரிப்பது இதனால்தான். காரைக்குடி சிக்ரி (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம்) ஆட்கள் துருவை ஆராய மண்டபத்தைத் தேர்ந்தெடுத்தது சும்மா இல்லை. 1914-ல் திறந்த பழைய பாம்பன் ரயில் பாலத்தை இத்தனை காலம் நிற்க வைக்க எவ்வளவு பராமரிப்பு தேவைப்பட்டது என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். மீன் கத்தியில் பொருக்கை விட்டுவைத்தால் அதன் இடுக்கில் செதிலும் உப்பும் ஏறிக்கொண்டு நாற்றமும் எடுக்கும்.

பொருக்கு அரத்துக்கும் எமன். இளக்கின எஃகைவிட அது கடினம், புது அரத்தின் பல்லை ஒரே நாளில் மொட்டையாக்கிவிடும். கடையில் விற்கிற சாதாரண வினிகரில் கத்தியை ஓர் இரவு ஊறப்போட்டால் காலையில் கறுப்புச் சேறாக உரிந்து வரும். பிரஷ்ஷால் தேய்த்து, ஆப்பசோடா கரைத்த தண்ணீரில் முக்கி, கழுவித் துடைத்து, உடனே எண்ணெய் தடவ வேண்டும். கழுவுவதற்குக் குடிதண்ணீரை எடுங்கள், எங்கள் போர் தண்ணீர் உப்பு, அதில் கழுவினால் துண்டை எடுப்பதற்குள் மஞ்சள் பூக்கும்.

அரத்துக்கு வருவோம். பன்னிரண்டு அங்குல பாஸ்டர்ட் (முரட்டுப் பல்) பட்டை அரம் ஒன்று, அதைவிட நைஸ் பல் அரம் ஒன்று. இரண்டுக்கும் மரப்பிடி போட்டிருக்க வேண்டும், பிடியில்லாத அரத்தின் வால் உள்ளங்கையில் ஏறினவர்களை எனக்குத் தெரியும். கத்தியின் முகம் முழுக்க மார்க்கரால் தீட்டிவிட்டு, நாற்பத்தைந்து டிகிரிச் சாய்வில் ஒரு சுற்று ராவுங்கள். அரம் வெட்டுவது தள்ளும்போது மட்டும், திரும்ப இழுக்கையில் அழுத்தாமல் தூக்கிக்கொள்ள வேண்டும், அழுத்தி இழுத்தால் பல் மழுங்கும். இப்போது மேடெல்லாம் வெள்ளையாகவும் பள்ளமெல்லாம் மார்க்கர் கறையாகவும் தெரியும். அடுத்த சுற்றை எதிர்ச் சாய்வில் ராவுங்கள். கீறல்கள் ஒன்றையொன்று வெட்டுகிறதில், எந்த இடத்தில் அரம் பட்டது, எங்கே படவில்லை என்று கத்தியே சொல்லிவிடும். முந்தின சாய்வின் கீறல் மிச்சமிருக்கிற இடம்தான் பள்ளம். பள்ளத்தைத் தொடாதீர்கள், வெள்ளையான இடத்தை மட்டும் இறக்குங்கள். பள்ளம் கண்ணை உறுத்துகிறது என்று அதையே போய்த் தேய்ப்பதுதான் எல்லோர் கையும் செய்கிற வேலை, அதைத் தடுப்பதில்தான் பாதிப் பொறுமை போகும்.

கடற்கரையில் இருப்பவர்களுக்கு மார்க்கர்கூட அவசியமில்லை. எண்ணெய் தடவாமல் ஓர் இரவு திண்ணையில் வைத்தால் முகம் முழுக்க மெல்லிய செந்துரு படர்ந்திருக்கும், காலையில் நாலு தள்ளு தள்ளினால் மேட்டில் துரு போய்ப் பள்ளத்தில் மட்டும் நிற்கும், கோலம் போட்ட மாதிரி அவ்வளவு தெளிவாகத் தெரியும். ஓர் இரவுதான், அதற்கு மேல் விட்டால் குழி விழ ஆரம்பிக்கும்.

சாய்வாக ராவி மேடு பள்ளம் தீர்ந்ததும், அரத்தைக் கத்திக்குக் குறுக்காக இரு கையாலும் பிடித்து, நீளவாக்கில் ஒரே அழுத்தத்தில் ஓட்டுங்கள். இதில் இரும்பு அதிகம் போகாது, ஆனால் கீறல்கள் எல்லாம் ஒரே திசைக்கு வந்து முகம் பட்டுப்போல ஆகும். அரத்தின் பல்லில் இரும்புத்தூள் அடைத்துக்கொண்டால் ஆழமான கோடு போட்டுவிடும், அதற்கு முன்கூட்டியே அரத்தில் சாக்பீஸ் தேய்த்துக்கொள்ள வேண்டும், நாலைந்து ஓட்டத்துக்கு ஒருமுறை பித்தளை பிரஷ்ஷால் தட்டிவிட வேண்டும்.

பல பேர் கவனிக்காத விஷயம் ஒன்று இருக்கிறது, கிளாம்ப். கத்தியைப் பலகையில் வைத்து சி கிளாம்ப்பால் இறுக்கும்போது, வளைந்திருக்கிற கத்தி அழுந்தி நேராகிவிடும். நீங்கள் அந்த நிலையில் அழகாக மட்டம் பண்ணுவீர்கள், கிளாம்ப்பைத் தளர்த்தினதும் கத்தி பழைய வளைவுக்குத் துள்ளித் திரும்பும், இத்தனை நேரம் ராவினது எல்லாம் வளைவின் மேல் போட்ட மட்டமாக நிற்கும். ஸ்பிரிங் பட்டையாயிற்றே, துள்ளத்தான் செய்யும். அதனால் முதலில் கத்தியைப் பலகையில் சும்மா வைத்து விரலால் தட்டிப் பாருங்கள், எங்கே ஆடுகிறதோ அங்கே அடியில் தாள் மடித்துச் சொருகி, ஆட்டம் நின்ற பிறகு இறுக்குங்கள். பலகைக்கு நான் வைரம் பாய்ந்த பனஞ்சட்டத்தைச் சீவி வைத்திருக்கிறேன், மற்ற மரம் போலக் கிளாம்ப்புக்கு அமுங்காது.

ஆங்கிள் கிரைண்டரை ஒதுக்கச் சொல்லவில்லை. உருவத்தை வெட்டவும், விளிம்புச் சரிவை முரட்டாக இறக்கவும் அது நல்ல கருவி. முகத்தை மட்டமாக்க மட்டும் அதைத் தொட வேண்டாம், வட்டத் தட்டு எந்தக் கையிலும் கிண்ணம் கிண்ணமாகத்தான் தோண்டும். துணி கையுறை போட்டுக்கொண்டு அதை இயக்கவும் வேண்டாம், சுற்றுகிற தட்டு துணியை இழுத்தால் விரலும் சேர்ந்து போகும்.

உப்புத்தாள் வேலைக்குக் கண்ணாடி. இன்றைக்குக் கடையில் கிடைக்கிற சாதாரணக் கண்ணாடி, உருகின வெள்ளீயத்தின் மேல் மிதக்கவிட்டுச் செய்வது, அதனால் நம் வேலைக்குப் போதுமான மட்டம் அதில் தானாகவே இருக்கிறது. கண்ணாடிக் கடையில் 10 மி.மீ. துண்டு ஒன்றைக் கேட்டு வாங்கி, கடப்பாக்கல்லின் மேல் வைத்து, வாட்டர் பேப்பரைத் தண்ணீரால் ஒட்டவைத்து, கத்தியை அதன் மேல் தேய்க்கலாம். 120 நம்பர் தாளில் தொடங்கி 220, 400 (நம்பர் ஏற ஏறத் தாள் நைஸ்). ஒவ்வொரு தாளுக்கும் திசையை மாற்றுங்கள், முந்தின தாளின் கீறல் ஒன்றுகூட இல்லாமல் போன பிறகுதான் அடுத்தது. தாளை விரலில் சுற்றித் தேய்க்கவே கூடாது, விரல் மெத்து, பள்ளத்துக்குள்ளும் போய்ப் பளபளப்பாக்கிவிடும், அதற்குப் பிறகு பள்ளம் எது என்று கண்டுபிடிக்கவே முடியாது. கையில் பிடித்துத் தேய்க்கிற இடங்களுக்குத் தாளை ஒரு தட்டையான இரும்புத் துண்டில் சுற்றிக்கொள்ளுங்கள்.

சாணைக்கல் குழிந்திருந்தால் இந்த உழைப்பு எல்லாம் விளிம்பில் வந்து வீணாகும். இரண்டு கல்லை ஒன்றோடொன்று தேய்த்தால் மட்டமாகிவிடும் என்பது தவறு, ஒன்று குவிந்தும் ஒன்று குழிந்தும் அச்சாகப் பொருந்திக்கொள்ளலாம். மூன்று கல் வேண்டும்: ஒன்றும் இரண்டும், இரண்டும் மூன்றும், மூன்றும் ஒன்றும் என்று மாற்றி மாற்றித் தேய்த்தால் மூன்றும் தட்டையானால்தான் எல்லா ஜோடியும் பொருந்தும். இங்கிலாந்தின் ஜோசப் விட்வொர்த் இரும்புத் தகடுகளில் இதைச் செய்துகாட்டினார், மட்டப் பரப்பு பற்றி 1840-ல் கட்டுரையும் வாசித்தார். இன்றைய மிஷின் ஷாப் அளவெல்லாம் அந்த மூன்று தகட்டு வழியில்தான் வளர்ந்தது. மூன்று கடப்பாக்கல் துண்டும் கொஞ்சம் எமரித் தூளும் இருந்தால் வீட்டிலேயே செய்யலாம்.

தோய்ச்சலுக்கு (கத்தியைச் சிவக்கக் காய்ச்சி எண்ணெயில் முக்கி இறுகவைப்பது) முன்னால் விளிம்பை 1 முதல் 1.5 மி.மீ. கனத்துக்கு விட்டுவையுங்கள், கூராக்கிவிட்டுத் தோய்த்தால் அலையாக நெளியும் அல்லது வெடிக்கும். இரண்டு பக்கமும் சமமாக இறக்கியிருக்க வேண்டும். எண்ணெயில் குத்தாக இறக்குங்கள், பக்கவாட்டில் ஆட்டாதீர்கள். எவ்வளவு கவனித்தாலும் சில கத்தி கோணத்தான் செய்யும். தோய்த்த கத்தியைத் திரும்ப லேசாகச் சூடேற்றிப் பதம் இறக்கும்போது, 200 டிகிரிச் சூட்டில் இருக்கையிலேயே, வைஸில் மூன்று சின்ன உருட்டுக்கம்பி வைத்து (மேடான பக்கம் ஒன்று, எதிர்ப்பக்கம் இரண்டு) மெல்ல இறுக்கினால் நேராகும். ஆறின கத்தியைச் சுத்தியலால் தட்டி நிமிர்த்த நினைத்தால் இரண்டாகக் கிடைக்கும்.

தோய்த்த கத்தியில் அரம் போட்டுப் பார்க்கும்போது லேசாகக் கடித்தால் உடனே பயப்பட வேண்டாம். உலையில் மேல்தோலில் கார்பன் எரிந்துபோயிருக்கும், அந்தத் தோலைத் தாளால் எடுத்துவிட்டு மறுபடி பாருங்கள், உள்ளே வழுக்கினால் தோய்ச்சல் பிடித்திருக்கிறது. இதற்குப் பிறகு கிரைண்டர் கிட்டவே வரக்கூடாது, விளிம்பு நீலம் பூத்தால் அந்த இடம் 300 டிகிரிக்குப் போய்ப் பதம் இறங்கிவிட்டது என்று அர்த்தம். தண்ணீரும் தாளும் மட்டுமே.

மீன் கத்திக்கு நான் 400 வரை போய், கடைசிக் கீறல்களை நீளவாக்கில் விட்டுவிடுவேன், கழுவினால் தண்ணீர் வழிந்துவிடும், துரு தங்காது. வெட்டரிவாளுக்கு 120 போதும், அதற்கு மேல் போடுகிற நேரத்தை விளிம்பில் போடலாம். வேலை முடிந்த கத்தி எதுவானாலும் நல்ல தண்ணீரில் கழுவி, துடைத்து, ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய்.

பாளை அரிவாளை மட்டும் முகத்தை 400 வரை கொண்டுபோய், விளிம்பைத் தீட்டாமலே கொடுத்துவிடுகிறேன். சாயல்குடிப் பக்கத்து அண்ணாச்சி ஒருவர் முதலிலேயே சொல்லிவிட்டார்: “தம்பி, நீங்க மட்டத்த மட்டும் பாருங்க, தீட்டுறத எங்கிட்ட விட்டுருங்க.” அவர் வெங்கச்சங்கல்லை (வெள்ளையான கடினக் கல்) இடித்துச் சலித்த பொடியைத் தீட்டுப்பலகையில் தூவி, அரிவாளைப் படுக்க வைத்து மேலும் கீழும் இழுப்பார். முகம் பலகையில் முழுசாகப் படிந்தால்தான் அந்தப் பொடி விளிம்புவரை சீராக வேலை செய்யும், எனவே அரிவாளை வாங்கினதும் அவர் முதலில் செய்வது, பொடி தூவாத பலகையில் அதைப் படுக்கப்போட்டு, நுனியையும் அடியையும் மாற்றி மாற்றி விரலால் அழுத்தி ஆட்டம் இருக்கிறதா என்று பார்ப்பதுதான். ஆடினால் திருப்பிக் கொடுத்துவிடுவார்.